கதைக்குக் காப்புக் கட்டிய வீடு

விளாங்குடி சோலையம்மாள் காக்கையிடம்கூட வாதாடுவாள். முற்றத்தில் காயும் நெல்லைக் காக்கை கொத்தினால் மற்றவர்கள் கல்லை எடுப்பார்கள். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏன்டா கரிமூஞ்சி, உங்க ஆத்தா சாகும்போது உனக்கு இந்த ஒரு வீட்டு விலாசத்தைத்தான் எழுதிக் குடுத்தாளா?" என்று ஆரம்பிப்பாள். அவள் முடிப்பதற்குள் காக்கை வைகையைத் தாண்டியிருக்கும். அப்படிப் போன காக்கைகள் திருப்பரங்குன்றத்து மலையில் தனிக் கூட்டம் போட்டுக் குடியேறிவிட்டன, இந்தப் பக்கம் சோற்றுருண்டை வைத்துக் கூப்பிட்டாலும் வருவதில்லை என்று ஊரில் சொல்வார்கள். சந்தேகம் இருப்பவர்கள் திருப்பரங்குன்றம் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

இந்தச் சோலையம்மாள் வீட்டுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் மருமகளாக வந்தவள் சீனியம்மாள்.

சீனியம்மாள் நாகமலை புதுக்கோட்டைக்காரி. அவளுடைய அப்பா நல்லகாமன் வண்டியில் கல் ஏற்றிப் போகிறவர். மதுரையில் மிஷன்காரர்கள் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியபோது ஆறு வயது மகளையும் கல்லோடு கல்லாக உட்காரவைத்துக் கூட்டிப் போனார். அவர் கல் இறக்கி முடிப்பதற்குள் அந்தப் பிள்ளை கட்டி முடித்த சுவரில் கரித்துண்டால், பள்ளிக்கூடப் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுத்தெல்லாம் எழுதி வைத்துவிட்டது. சுவரைப் பார்த்த துரைசானி அடிக்கவில்லை. பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போ என்றாள். "கல்லை இறக்கினேன், கூடவே பிள்ளையையும் இறக்கிட்டு வந்துட்டேன்" என்று நல்லகாமன் வீட்டில் வந்து சொன்னபோது அவர் பெண்சாதி மூன்று நாள் அவருக்குச் சோறு போடவில்லை.

அங்கே எட்டாவதுவரை படித்தாள் சீனியம்மாள். பிறகு எல்லாப் பெண்களையும்போல வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை வெள்ளைத்துரை மதுரையில் ஒரு நூல் மில்லில் ஆள் வருகை எழுதுகிறவன். அதிகம் பேசமாட்டான். அந்த வீட்டில் பேச்சுக்கு என்று இருந்த இடம் முழுவதையும் அவனுடைய ஆத்தா சோலையம்மாளே எடுத்துக்கொண்டதால் அவனுக்கு மிச்சம் இல்லை. அவனுடைய அப்பா முத்திருளன் வாந்திபேதியில் போய் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் கருப்பாயி என்று ஒரு பெண் பிறந்தது. அதே சமயத்தில்தான் சீனியம்மாளுக்கு எழுதுகிற பைத்தியமும் பிடித்தது. மதுரையிலிருந்து பருப்புப் பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் தாளில் பாதிக் கதை இருந்தது. மீதிக் கதை வேறு யார் வீட்டுப் பருப்போடு போனதோ தெரியவில்லை. முடிவு தெரியாமல் இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மீதியைத் தானே எழுதிப் பார்த்தாள். நன்றாகத்தான் வந்தது.

எழுதுவதற்கென்று அவளுக்கு நேரம் கிடையாது. நேரத்துக்கும் நேரத்துக்கும் நடுவில் இருக்கிற சந்து உண்டு. உலை கொதிப்பதற்கும் வடிப்பதற்கும் இடையில் இரண்டு வரி. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது ஒரு வரி. பிள்ளை தூங்கிவிட்டால் அரைப் பக்கம். பென்சிலைக் கொண்டையில் செருகியிருப்பாள். வெள்ளைத்துரை மில்லிலிருந்து கழித்துப்போட்ட வருகைத் தாள்களைக் கொண்டுவந்து அடுப்படியில் வைப்பான். எதற்கு என்று கேட்டதில்லை. முன்பக்கம் யார் யார் வேலைக்கு வரவில்லை என்றிருக்கும், பின்பக்கம் கதை. எழுதி முடித்ததைத் தவிட்டுப் பானைக்குள் ஒளித்துவைப்பாள். சென்னையில் அச்சாகும் ஒரு வாரப் பத்திரிகைக்கு முதல் கதையை அனுப்பியபோது, கதை பிரசுரமாகும் என்று பதில் போட்ட பத்திரிகை ஆசிரியர், "தங்கள் கைப்பிரதியைப் பிரித்தால் காரியாலயத்தில் எல்லோருக்கும் பசி எடுக்கிறது, காரணம் புரியவில்லை" என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்.

நான்கு கதைகளுக்குப் பிறகு அவர் தொடர்கதை கேட்டார். பன்னிரண்டு வாரம். சீனியம்மாள் 'வாய்க்கார மலையம்மாள்' என்று தலைப்பு வைத்து ஆறு அத்தியாயம் எழுதி அனுப்பினாள். மலையம்மாள் ஒரு கிராமத்து விதவை. காக்கை, கணக்கப்பிள்ளை, தாசில்தார் என்று பார்க்காமல் எல்லோரையும் ஒரு பிடி பிடிப்பவள். சென்னை ராஜதானி முழுக்க ஜனங்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள். அந்த மலையம்மாள் வாயிலிருந்து வந்த சொல் எல்லாம் எந்த வாயிலிருந்து எடுத்தது என்பது சீனியம்மாளுக்கும் தவிட்டுப் பானைக்கும் மட்டும்தான் தெரியும்.

முப்பத்தேழாம் வருஷம் ஆடி மாதத்தில் தபால்காரர் கல்யாணராமன் போட்டு உடைத்தார்.

அவர் பத்திரிகையை எப்போதும் நேராகக் கொண்டுவந்து கொடுக்கமாட்டார். திண்டுக்கல் ரோட்டுப் புளியமரத்தடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, முதலில் தாம் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அந்த வாரமும் படித்துவிட்டு வந்தவர், வாசலில் சீனியம்மாள் தனியாக நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, இந்த மலையம்மா அந்தத் தாசில்தாரை என்னதான் பண்ணப்போறா? ஒரு வாரம் என்னால காத்துண்டிருக்க முடியாது. எனக்கு மட்டும் சொல்லிடுங்கோ, வெளியில மூச்சு விடமாட்டேன்."

வைக்கோல் படப்புக்குப் பின்னாலிருந்து சோலையம்மாள் வந்தாள்.

"எந்த மலையம்மா? எந்தத் தாசில்தாரு? தபால் குடுக்க வந்தீகளா, வம்பு கேக்க வந்தீகளா சாமி?"

"வம்பா? கதைம்மா இது! உங்க மாட்டுப்பொண் எழுதறது. மெட்ராஸ்ல அச்சடிச்சு ஊர் பூரா படிக்கறா. உங்களுக்குத் தெரியாதா?"

சீனியம்மாள் எட்டிப் பத்திரிகையை வாங்கப் பார்த்தாள். சோலையம்மாள் பத்திரிகையை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"இவ பேரு எங்க இருக்கு?"

கல்யாணராமன் நேராகத் திருப்பிக் காட்டினார். அவள் விரலை எச்சிலில் தொட்டு அந்த இடத்தைத் தேய்த்தாள்.

"அழிய மாட்டேங்குது?"

"அச்சும்மா அது. அழியாது."

சோலையம்மாள் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னத்தா எழுதிருக்க?"

"ஒரு பொம்பள கத, அத்தே."

"நல்ல பொம்பளயா?"

"நல்ல பொம்பளதான், அத்தே."

"அப்பச் சரி" என்றாள் சோலையம்மாள். சண்டைக்குத் தயாராக நின்ற சீனியம்மாளுக்கு அதுதான் வினையாகப் போயிற்று. மாமியார் கோபித்துக்கொண்டிருந்தால் எழுதிப் பிழைத்திருப்பாள். மாமியாருக்குப் பெருமை வந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் விளாங்குடி முழுக்கத் தெரிந்தது. அச்சில் பேர் வருகிற அளவுக்குப் பெரிய காரியம் ஒன்று தன் வீட்டில் நடக்கும்போது, அதை எப்படி நடத்துவது என்று சோலையம்மாள் ஒரு பொழுது முழுக்க யோசித்தாள். பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான், எல்லைக் கருப்பனுக்கு எடுக்கும் திருவிழா. அதற்கு என்ன செய்வார்கள்? காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கும்வரை ஊரில் சண்டை கூடாது, சத்தம் கூடாது, தாளிக்கக் கூடாது, எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது. சரி, அதையே இதற்கும் செய்தால் போயிற்று.

மறுநாள் விடிந்ததும் மஞ்சள் நனைத்த நூலில் வேப்பிலை முடிந்து சீனியம்மாளின் வலது மணிக்கட்டில் கட்டினாள். மகன் கையில் ஒன்று, தன் கையில் ஒன்று. பக்கத்து வீட்டு அன்னக்கொடியையும் வேலிக்கு மேல் கையை நீட்டச் சொன்னாள்.

"எனக்கெதுக்கு மதினி?" என்றாள் அன்னக்கொடி. இருபது வருஷமாக வேலிக்கு அந்தப்புறம் நின்று சோலையம்மாளோடு தினமும் ஒரு பாட்டம் சண்டை போட்டவள் அவள்.

"நீதானடி சண்டைக்கு வருவ. கட்டு."

"கத எப்ப முடியும்?"

"இன்னும் ஆறு அத்தியாயம் இருக்காம்."

"ஆறு வாரமா! ஆத்தி, அம்புட்டு நாள் உன்னோட சண்டை போடாம இருந்தா எனக்குச் சோறு செரிக்காதே!"

வெள்ளைத்துரை கோர்ட்டுக் கச்சேரி ஏலத்தில் ஒரு மேஜை எடுத்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தான். அது ஒரு ஜட்ஜ் துரை உட்கார்ந்திருந்த மேஜையாம். கால் ஒவ்வொன்றும் யானைக்கால். வாசல்நிலையைக் கழற்றித்தான் உள்ளே ஏற்ற முடிந்தது. ஏற்றியபின் அந்த அறையில் மேஜை இருந்தது, மேஜையைச் சுற்றிக் கொஞ்சம் அறையும் இருந்தது. மேஜைக் காலிலும் சோலையம்மாள் ஒரு காப்பைக் கட்டினாள்.

"இனிமே நீ அடுப்படிக்கு வரக் கூடாது. மாட்டைப் பாக்கக் கூடாது. இங்க உக்காரு. எழுது" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னாள்.

சீனியம்மாள் உட்கார்ந்தாள். எதிரே வெள்ளைத் தாள். புத்தம்புதுத் தாள், மேஜையோடு சேர்த்து வாங்கியது. பின்பக்கத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இடம் புதிது, பழகிவிடும் என்று நினைத்தாள். நான்காம் நாளும் ஒன்றும் வரவில்லை. எட்டாம் நாள் தாளின் மூலையில் ஒரு எறும்பு ஊர்ந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் அதே எறும்பு திரும்பி வந்தது.

வீட்டில் அப்படி ஓர் அமைதி. வழக்கமாகக் கருவாடு விற்பவள் தெரு முனையிலேயே குரல் கொடுப்பாள். இப்போது கூடையை மட்டும் வேலிக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். தாளிப்பு இல்லாத குழம்பை வெள்ளைத்துரை கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். கருப்பாயியைச் சத்தம் போடாமல் இருக்க அன்னக்கொடி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அது நாலு நாளில் நாற்பது கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டது. மாடு பால் சுரக்கவில்லை. "கொம்பு ரெண்டும் வானத்தைப் பாத்து வளந்திருக்கு, மடி பூமியைப் பாத்து வளரக் கூடாதா?" என்று தினமும் கேட்டுக் கேட்டுப் பழகிய மாடு. அந்தக் கேள்வி இல்லாமல் எப்போது சுரப்பது என்று அதற்குத் தெரியவில்லை. திருப்பரங்குன்றத்துக் காக்கைகளுக்கும் எப்படியோ சங்கதி எட்டிவிட்டது. நாலைந்து வந்து முற்றத்தில் நெல்லைக் கொத்தின. சோலையம்மாள் வாயைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டு கையை மட்டும் ஆட்டினாள். காக்கைகள் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கொத்தின.

சாயங்காலங்களில் சோலையம்மாள் கொல்லையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் செய்யமாட்டாள். கைகளை மடியில் போட்டுக்கொண்டு வேலியைப் பார்த்தபடி இருப்பாள். சீனியம்மாள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு மேஜைக்குத் திரும்புவாள்.

மேஜையில் உட்கார்ந்த பிறகு அவளுக்கு ஒரே நினைப்பு. 'நான் எப்போது எழுதினேன்? அத்தை பேசினார்கள், நான் குமாஸ்தா வேலை பார்த்தேன். அவர்கள் வாயை மூடினதும் என் பென்சிலும் மூடிக்கொண்டது. இதில் நான் யார்?' இது மட்டும் என்றாலும் பரவாயில்லை. போய் அத்தையிடம், "அத்தே, நீங்க பேசுனாத்தான் எனக்குக் கதை வரும்" என்று சொல்லலாம் என்றால், அப்போது மலையம்மாள் யார் என்பதையும் சொல்லவேண்டும். ராஜதானி முழுக்கச் சிரிக்கிற பொம்பளை நீங்கள்தான் என்று எந்த மருமகள் மாமியாரிடம் சொல்லுவாள்?

பதினைந்தாம் நாள் கல்யாணராமன் ஒரு கார்டு கொண்டுவந்தார். வழக்கத்துக்கு மாறாக அவர் முகம் தொங்கியிருந்தது. கார்டையும் அவர் படித்துவிட்டிருந்தார்.

"ஏழாம் அத்தியாயம் வரும் திங்கட்கிழமைத் தபாலில் சேராவிட்டால், கதையை நிறுத்திவிட்டோம் என்று வாசகர்களுக்கு அறிவிக்க வேண்டிவரும்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றார் கல்யாணராமன், அவள் அதை மறந்திருக்கலாம் என்பதுபோல. "திங்கட்கிழமை காலம்பற பத்து மணிக்கு வரேன். குடுத்துடுவேளோல்லியோ?"

சீனியம்மாள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவருக்கும் புரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. அன்றும் மறுநாளும் தாள் வெள்ளையாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோலையம்மாள் அறை வாசலில் வந்து நின்றாள். கூடவே அன்னக்கொடி, அவள் இடுப்பில் கருப்பாயி. வெள்ளைத்துரைக்கு மில் விடுமுறை, அவனும் பின்னால் நின்றான்.

"காப்புக் கட்டி இம்புட்டு நாளாச்சு, இன்னும் கத படிக்கல. கோயில்ல காப்புக் கட்டுனா கத படிக்கிறது வழக்கமில்லயா? படிக்காட்டி கருப்பன் கேப்பான்ல? எழுதுன வரைக்கும் படி, கேப்போம்" என்றாள் சோலையம்மாள்.

"இப்ப வேணாம் அத்தே, முடிச்சிட்டு..."

"முடிச்சிட்டு எவன் இருப்பான், எவன் போவான். படி."

தப்பிக்க வழி இல்லை. சீனியம்மாள் பழைய பத்திரிகைகளை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். மேஜையில் உட்கார்ந்து படித்தால் ஜட்ஜ் துரை மாதிரி இருந்திருக்கும். அன்றைக்கு அவள் இருந்த நிலைமை அதற்கு எதிர்ப்பக்கம்.

முதல் வரியே காக்கை. "உங்க ஆத்தா சாகும்போது உனக்கு இந்த ஒரு வீட்டு விலாசத்தைத்தான்..." அவ்வளவுதான், அன்னக்கொடி சேலைத்தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். வெள்ளைத்துரை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் மட்டும் குலுங்கின. சோலையம்மாள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. சீனியம்மாள் தலையைத் தூக்காமல் படித்தாள். மாட்டைத் திட்டியது, கணக்கப்பிள்ளையை ஓட்டியது, தாசில்தாரின் குதிரைக்குப் புல் போட்டுவிட்டுத் தாசில்தாரைப் பட்டினி போட்டது. இரண்டு, மூன்று, நான்கு அத்தியாயம். ஐந்தாவதில் அன்னக்கொடி தரையில் உருண்டாள். ஆறாவது அத்தியாயத்தின் கடைசிப் பத்திக்கு வந்தாள்.

அந்தப் பத்தியில், பக்கத்து வீட்டுக்காரி மலையம்மாளைக் கேட்கிறாள்: ஏன்டி, விடிந்ததிலிருந்து அடைகிறவரை பேசுகிறாயே, உனக்கு வாய் வலிக்காதா? மலையம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறாள்: "நான் பேச்சை நிறுத்துனா, அவரு இல்லாதது கேக்குது."

படித்து முடித்துவிட்டுப் பத்திரிகையை மடித்தாள்.  கருப்பாயி தான் கற்றுக்கொண்ட நாற்பதில் ஒன்றை மெதுவாகச் சொல்லிப் பார்த்தது. அன்னக்கொடி அதன் வாயைப் பொத்தினாள்.

"மலையம்மாங்கிறது நான்தான?" என்றாள் சோலையம்மாள்.

"ஆமா, அத்தே."

"காப்புக் கட்டிருக்கேன். அதனால மெதுவாக் கேக்குறேன். அந்தக் காக்காயை நான் அன்னிக்கு எம்புட்டு நேரம் பேசுனேன்?"

"ரொம்ப நேரம் பேசுனீக."

"நீ நாலு வரில முடிச்சிட்ட?"

"பத்திரிகைல இடமில்ல அத்தே..."

"இடமில்லயா? அந்தத் தாசில்தாரு மீசையைப் பத்தி எழுத ஒரு பக்கம் இருக்கு, எனக்கு இடமில்லயா? அதுக்குச் சித்தப்பன், மாமன், அது கூடு கட்டுன மரம் வரைக்கும் இழுத்துப் பேசுனேனே! என்னை வாய்செத்தவளாக்கிப்புட்டியே! ஊரு பூரா படிக்கிறவன் என்னைப் பத்தி என்ன நெனப்பான்? 'பாவம், இந்தப் பொம்பளைக்குப் பேசத் தெரியல'ம்பான்."

"மதினி சொல்றது சரிதான்" என்றாள் அன்னக்கொடி. "அவ பேச்சுல இது கால்வாசிகூட இல்ல. நான் வாங்கினவ, எனக்குத் தெரியும்."

சீனியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இதற்காகவா பதினேழு நாள் பயந்து கிடந்தோம் என்று நினைத்தாள். ஆனால் சோலையம்மாள் இன்னும் முடிக்கவில்லை. வேறு குரலில் கேட்டாள்.

"அந்தக் கடைசில வந்ததே. அவரு இல்லாதது கேக்குதுன்னு. அத நான் சொல்லலயே?"

"இல்ல, அத்தே."

"யாருகிட்டயும் சொன்னதில்லயே. இந்தா இருக்காளே இவகிட்டகூட."

"எங்கிட்டச் சொல்லலப்பா" என்றாள் அன்னக்கொடி அவசரமாக.

"உங்கிட்ட யாரு சொன்னது, சீனி?"

சீனியம்மாள் யோசித்தாள். உலையடியிலா, மாட்டுத் தொழுவத்திலா, எங்கே கேட்டு எழுதினோம் என்று நிஜமாகவே தேடிப் பார்த்தாள். மற்ற ஒவ்வொரு சொல்லும் எந்தக் கிழமை எந்த மூலையில் கிடைத்தது என்று அவளால் சொல்ல முடியும். இதற்கு மட்டும் அப்படி ஓர் இடம் இல்லை. அரிசி களைந்துகொண்டிருந்தபோது மலையம்மாள் முறத்தைக் கீழே வைத்ததைப் பார்த்தாள். அப்புறம் அவள் என்ன சொல்வாள் என்று காத்திருந்தாள். அந்தப் பேச்சு வந்தது. ஈரக்கையோடு எழுதினாள், தாள் ஈரத்தில் ஊறிப்போயிற்று.

"யாரும் சொல்லல, அத்தே" என்றாள். "அது நானா எழுதுனது."

சொன்ன பிறகு அதைத் தானே ஒரு தடவை கேட்டுக்கொண்டாள்.

சோலையம்மாள் எழுந்து கொல்லைக்குப் போனாள். அங்கே முகத்தைக் கழுவுகிற சத்தம் கொஞ்சம் அதிக நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அரிவாள்மனை.

"கைய நீட்டு."

"எதுக்கு அத்தே?"

"காப்ப அறுக்கத்தான். இந்தப் பதினேழு நாளா அவரு இல்லாததத்தான் நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். அதத்தான் நீ எழுதிருக்க. இன்னும் ஆறு வாரம் கேக்க என்னால ஆகாது."

"கத முடியலயே மதினி, கருப்பன் சும்மா இருப்பானா?" என்றாள் அன்னக்கொடி.

"கருப்பன்கிட்ட நான் பேசிக்கிறேன். இவ்வளவு நாளாப் பேச ஆள் இல்லாம அவனும்தான் கெடக்குறான்."

ஐந்து காப்பும் அறுந்தது, மேஜைக்காலில் இருந்ததும் சேர்த்து. அன்று சாயங்காலக் குழம்பைச் சோலையம்மாள் தாளித்த வாசனைக்கு விளாங்குடி பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் ஊருக்குப் போவதை ஒத்திப்போட்டுவிட்டு இறங்கினார்கள்.

திங்கட்கிழமை காலையில் வெளிச்சம் வந்ததும் சீனியம்மாள் அடுப்பை மூட்டினாள், உலையை ஏற்றினாள், தவிட்டுப் பானை மேல் ஒரு பழைய வருகைத் தாளை விரித்தாள். புதுத் தாளில் எழுத அவளுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. மேஜை வீணாகவில்லை, அதன்மேல் சோலையம்மாள் மிளகாய் வத்தல் காயப் போட்டுவிட்டாள்.

ஏழாம் அத்தியாயத்தில் மலையம்மாள் பேசவில்லை. ஊர்க்காரர்கள் அவளைப் பேசாமல் இருக்கச் செய்துவிடுகிறார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை, மரியாதையாக. ஒரு அத்தியாயம் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. கொல்லையில் கையை மடியில் போட்டுக்கொண்டு வேலியைப் பார்க்கிறாள். அவளுக்கு என்னென்ன கேட்கிறது என்பதுதான் கதை. செருப்புச் சத்தம், இருமல், தண்ணீர் கேட்கிற குரல், பாதி ராகத்தில் நின்ற பாட்டு. இதில் ஒன்றையும் சீனியம்மாள் யாரிடமும் கேட்டு எழுதவில்லை. மாமனாரை அவள் பார்த்ததுகூட இல்லை.

பத்து மணிக்குக் கல்யாணராமன் வந்தார். வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். உள்ளே பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. கொல்லையில் இருபது வருஷத்தில் இல்லாத சண்டை நடந்துகொண்டிருந்தது. பதினேழு நாள் பாக்கியைச் சோலையம்மாளும் அன்னக்கொடியும் ஒரே மூச்சில் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பித்தது ஒரு முருங்கைக் கிளை. அங்கிருந்து அன்னக்கொடியின் கல்யாணத்தில் பந்திக்கு வராத பாயசம், அவளுடைய மாமனார் தொலைத்த காளை, எல்லாம் வந்துவிட்டன. கல்யாணராமன் கேட்டுவிட்டுப் பையிலிருந்து பென்சிலை எடுத்து இரண்டொரு வரியைக் குறித்துக்கொண்டார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. மாடு தானாகவே சுரந்து தரையெல்லாம் பாலானது. காக்கைகள் வைகைப் பக்கம் போனதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

உலை கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடச் சீனியம்மாளுக்குத் தெரியவில்லை.

பதினொன்றேகாலுக்கு உறையை ஒட்டிக் கொடுத்தாள். கல்யாணராமன் அதை எடைபோடுவதுபோலக் கையில் பிடித்துப் பார்த்தார். "வழியில பிரிக்கமாட்டேன், சத்தியமா" என்று தாமாகவே சொல்லிவிட்டு, டவுன் தபாலைப் பிடிக்க வேகமாக மிதித்துக்கொண்டு போனார்.

சோலையம்மாள் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தாள். ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். முகம் பதினேழு நாள் இளமையாகியிருந்தது.

"ஏத்தா, இன்னிக்கு நான் பேசுனதுல எந்த எந்த எடத்தை எடுத்த?"

"என்ன பேசுனீக, அத்தே?"

"என்ன பேசுனேனா? காலம்பறலருந்து தொண்டை கிழியப் பேசுனேனே! அந்தப் பாயசம், அந்தக் காளை..."

சீனியம்மாள் பென்சிலைக் கொண்டையில் செருகினாள். "எனக்கு ஒண்ணுமே காதுல விழல, அத்தே. எழுதிக்கிட்டிருந்தேன்."

சோலையம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். மருமகளைப் பார்த்தாள். இந்தப் பார்வையில் கோபம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடியும் கொல்லைப் பக்கம் நடந்தாள்.

"அன்னக்கொடி! ஏ, அன்னக்கொடி! படுத்துட்டியா? எந்திரிச்சு வேலிக்கிட்ட வா. முதல்லருந்து பேசணும்!"